லாஞ்சியா, கீபிரின்ஹாவா?

மவுஸைத் தொடாமல், பெயரில் இரண்டு எழுத்து தட்டி விண்டோஸில் நிரலைத் திறக்க இந்த இரண்டு இலவசக் கருவிகளையும் பயன்படுத்தியிருக்கிறேன்.

லாஞ்சியில் ஆல்ட்டையும் ஸ்பேஸையும் சேர்த்து அழுத்தினால் ஒரு சின்னப் பெட்டி வரும். ஸ்டார்ட் மெனுவில் உள்ளவற்றை அதுவே பட்டியலிட்டு வைத்திருக்கும். நாம் அடிக்கடி எதைத் திறக்கிறோம் என்று பழகிக்கொண்டு, அதையே முதலில் காட்டும். பிடிஎஃப் கோப்புகளும் தேடலில் வர வேண்டுமா? அமைப்புகளில் ஃபோல்டரையும் கோப்பு வகையையும் சேர்த்தால் போதும். ஓப்பன் சோர்ஸ், அதாவது மூலநிரலை யாரும் பார்த்து மாற்றலாம் என்பது பெரிய பலம். ஆனால் 2.5 பதிப்பு வந்தது 2010-இல். அதன் பிறகு வளர்ச்சி நின்றுபோனது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

கீபிரின்ஹா வேறு மாதிரி. அமைப்புகளுக்கென்று ஜன்னலே கிடையாது. எல்லாம் உரைக் கோப்பில்தான். அமைப்பைத் திறந்தால் இரண்டு கோப்புகள் வரும்: ஒன்றில் இயல்பு அமைப்புகள், பார்க்க மட்டும்; மற்றொன்று நாம் எழுத. சேமித்ததும் மாற்றம் நடைமுறைக்கு வந்துவிடும். முதல் நாள் மிரட்டும், அப்புறம் இதுதான் வசதி: புதிய கணினிக்கு மாறும்போது கீபிரின்ஹா ஃபோல்டரை அப்படியே நகலெடுத்தால் வேலை முடிந்தது. பைதான் என்ற நிரல் மொழி தெரிந்தவர்கள் கூடுதல் வசதி சேர்க்கும் நீட்சியும் சொந்தமாக எழுதலாம். இலவசம்தான், ஆனால் மூலநிரல் திறந்ததல்ல, விண்டோஸுக்கு மட்டும்.

அம்மாவின் கணினியில் லாஞ்சியைப் போட்டேன். என்னுடையதில் கீபிரின்ஹா, சரியாகப் பொருந்துகிறது.