ஹாட் சிப் ஆல்பங்களோடு பல வருடங்கள்: எது உழைக்கிறது, எது சலிக்கிறது

லண்டனைச் சேர்ந்த ஹாட் சிப் குழுவின் எட்டு ஆல்பங்களையும் பல வருடங்களாக மாறி மாறிக் கேட்டு வருகிறேன். வேலை நேரத்தில் ஹெட்போனில், ராத்திரி பாத்திரம் கழுவும்போது சின்ன ஸ்பீக்கரில், நீண்ட பஸ் பயணங்களில். சின்த்-பாப், அதாவது மின்னணு சின்தசைசர் ஒலியில் அமைந்த பாப் இசை என்றாலே ஒரு சீசன் ஆடிவிட்டு மறந்துவிடும் இசை என்று நினைப்பவர்கள் உண்டு. இந்தக் குழு அப்படியில்லை. பாட்டுகள் நாள்பட நாள்பட நன்றாகிக்கொண்டே போகின்றன.

அலெக்சிஸ் டெய்லரும் ஜோ கொடார்டும் தென்மேற்கு லண்டனில், பட்னியில் உள்ள எலியட் பள்ளியில் பழகியவர்கள். ஃபோர் டெட், பரியல், பின்னாளில் தி எக்ஸ்எக்ஸ் என்று இசைக்காரர்கள் பலர் அதே பள்ளியிலிருந்துதான் வந்தார்கள். 2000இல் குழு தொடங்கியது. அப்புறம் ஓவன் கிளார்க், ஃபீலிக்ஸ் மார்ட்டின், அல் டாயில் சேர்ந்தார்கள். இன்றைக்கும் அதே ஐந்து பேர்தான். கொடார்டுக்கு தி டூ பியர்ஸ், டாயிலுக்கு எல்சிடி சவுண்ட்சிஸ்டம் என்று வெளியே வேறு இசைக்குழுக்கள் இருந்தும் குழு உடையவில்லை. இந்த நட்புதான் பாட்டிலும் கேட்கிறது என்பது என் எண்ணம்.

2004இல் வந்த முதல் ஆல்பம் 'கமிங் ஆன் ஸ்ட்ராங்'. பெரும்பாலும் வீட்டிலேயே பதிவு செய்தது, சத்தம் மெலிந்தே இருக்கும். புதியவர்கள் இதில் தொடங்க வேண்டாம். 2006இல் வந்து, பிரிட்டனின் சிறந்த ஆல்பத்துக்குத் தரப்படும் மெர்க்குரி விருதுக்கான பட்டியலிலும் இடம்பிடித்த 'தி வார்னிங்'தான் சரியான வாசல். அதில் 'ஓவர் அண்ட் ஓவர்' ஒரே கிடார் துணுக்கைத் திரும்பத் திரும்ப வாசித்து, நடுவில் காசியோ கீபோர்டின் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லிக் கூத்தடிக்கும். நான் அதிகம் திரும்பிப் போவது 'பாய் ஃப்ரம் ஸ்கூல்' பாட்டுக்கு. அடியில் தாளம் ஆடச் சொல்கிறது. மேலே டெய்லரின் மெல்லிய, உச்சத்தில் நிற்கும் குரல் ஏதோ கைவிட்டுப் போனதைப் பாடுகிறது. கொடார்டின் தாழ்ந்த, கனத்த குரல் கீழிருந்து வந்து தாங்கிக்கொள்கிறது. டெய்லரின் குரல் முதலில் சிலருக்கு ஒட்டாது. ஒரு வாரம் பொறுத்துக் கேளுங்கள்.

'மேட் இன் தி டார்க்' 2008இல் வந்தது. 'ரெடி ஃபார் தி ஃப்ளோர்' பிரிட்டிஷ் தரவரிசையில் 6ஆம் இடம் வரை போய், கிராமி பரிந்துரையும் பெற்றது. பாட்டு இன்னும் துள்ளுகிறது. ஆனால் ஆல்பம் முழுசாகக் கேட்க நீளம் அதிகம், ஒரு பாட்டுக்கும் அடுத்ததுக்கும் ஒட்டுறவு இல்லை. நான் இப்போது நாலைந்து பாட்டுகளை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன்.

உண்மையில் கூடவே வாழ்ந்த ஆல்பம் 2010இல் வந்த 'ஒன் லைஃப் ஸ்டாண்ட்'. நடன இசை வழக்கமாக ஒரு ராத்திரியைப் பாடும். இவர்கள் ஒருவரோடு ஆயுள் முழுக்க இருப்பதைப் பாடினார்கள். இயந்திரத் தாளத்துக்கு நடுவே ஃபிம்பர் பிராவோவின் ஸ்டீல் பேன் (கரீபியன் உலோகத் தாளக் கருவி) ஒலிக்கும்போது அந்தக் குளிர்ச்சியான சின்த் சத்தத்தில் வெயில் ஏறும். ஆல்பத்தின் நடுவில் வேகம் அப்படியே குறைந்துவிடுகிறது என்பது அன்று பலருக்கும் குறையாகப் பட்டது. எனக்கு இப்போது அந்தப் பகுதிதான் வேண்டும். 'பிரதர்ஸ்' பாட்டில் கொடார்ட் நண்பர்களைச் சகோதரர்கள் என்கிறார், சேர்ந்து எக்ஸ்பாக்ஸில் வீடியோ கேம் ஆடுவதைப் பாடுகிறார். ஆண்களின் நட்பை இவ்வளவு கூச்சமில்லாமல், இவ்வளவு கனிவாகச் சொன்ன பாப் பாட்டு எனக்குத் தெரிந்து குறைவு.

டாமினோ என்ற இசை வெளியீட்டு நிறுவனத்துக்கு மாறி 2012இல் செய்த 'இன் அவர் ஹெட்ஸ்' இசையளவில் இவர்களின் உச்சம். 'ஃப்ளூட்ஸ்' ஏழு நிமிடம் ஓடும். துண்டாக வெட்டிய ஒரு குரல் சுற்றிக்கொண்டே இருக்க, அதன் மேல் ஒவ்வொரு சத்தமாக ஏறும். பாடும் குரலும் மெதுவாகத்தான் வந்து சேரும், அவசரமே இருக்காது. வேலை ஓடாமல் மந்தமாக இருக்கும் மதியங்களில் இதைப் போட்டால் கை தானாக வேகம் பிடிக்கும். போனின் ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதீர்கள், பேஸ் மொத்தமாகப் போய்விடும்.

2015இன் 'வை மேக் சென்ஸ்?' நல்ல ஆல்பம்தான், ஆனால் என்னிடம் அதிகம் ஓடவில்லை. 2019இல் வந்த 'எ பாத் ஃபுல் ஆஃப் எக்ஸ்டஸி' ஒலியில் மிக அழகு. காசியஸ் என்ற பிரெஞ்சு நடன இசை இரட்டையரில் ஒருவரான ஃபிலிப் ஸ்தார் அதன் தயாரிப்பாளர்களில் ஒருவர். ஆல்பம் வெளியாக இரண்டு நாள் இருக்கையில் பாரிஸில் கட்டடத்திலிருந்து விழுந்து இறந்தார். இவ்வளவு வண்ணமும் பளபளப்புமான இசையை அந்த நினைப்பில்லாமல் என்னால் கேட்க முடிவதில்லை. 2022இன் 'ஃப்ரீக்அவுட்/ரிலீஸ்' இருண்டது, முரட்டுத்தனம் கூடியது. பழைய இனிமையைத் தேடுபவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம். இருபது வருடம் கடந்த குழு இன்னும் எரிச்சலோடு வாசிப்பது எனக்குப் பிடித்தது.

2025இல் 'ஜாய் இன் ரெபிடிஷன்' என்ற தொகுப்பு வந்திருக்கிறது. அவசரக்காரர்கள் அதை வாங்கலாம். நேரம் இருப்பவர்கள் 'தி வார்னிங்', 'ஒன் லைஃப் ஸ்டாண்ட்', 'இன் அவர் ஹெட்ஸ்' என்ற வரிசையில் போங்கள். ஸ்டுடியோப் பதிவு ரொம்ப அடக்கமாக இருக்கிறது என்று பட்டால் மேடைப் பதிவுகளைத் தேடுங்கள். ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் 'டான்சிங் இன் தி டார்க்' பாட்டை எடுத்து, அதன் முடிவில் எல்சிடி சவுண்ட்சிஸ்டத்தின் 'ஆல் மை ஃப்ரெண்ட்ஸ்' பாட்டைக் கலந்து வாசிப்பார்கள். அதைச் சத்தமாக வைத்துக் கேட்க வேண்டும்.