குட்டிகளின் கழிச்சல்: பிசிஆரா, மொத்த வரிசைப்படுத்தலா?

பண்ணையில் பிறந்து சில நாட்களே ஆன ஆட்டுக்குட்டி தண்ணீராய்க் கழிகிறது, வாலடி ஒட்டிப்போய்க் கண்ணும் குழி விழுந்துவிட்டது. எந்த வைரஸ் என்று மரபணு வழியாகக் கண்டுபிடிக்க இரண்டு வழிகள் உண்டு. (முடிவு வரும்வரை உப்புச்சர்க்கரைக் கரைசலை நிறுத்திவிடாதீர்கள்.)

ஆர்டி-பிசிஆர், அதாவது தேடும் வைரஸின் மரபணுத் துண்டைப் பலமடங்கு பெருக்கிக் காட்டும் சோதனை, விலை குறைவு, சில மணி நேரத்தில் பதில் சொல்லிவிடும். ஆனால் கேட்ட கேள்விக்கு மட்டுமே பதில். ரோட்டா வைரஸுக்கான பிரைமரை (அந்த வைரஸின் மரபணுவில் போய் ஒட்டும் சிறு துண்டை) போட்டால், கூடவே இன்னொரு குடல் வைரஸான ஆஸ்ட்ரோ வைரஸ் இருந்தாலும் காட்டாது.

மொத்த வரிசைப்படுத்தல், அதாவது மெட்டாஜீனோமிக்ஸ், மல மாதிரியில் உள்ள எல்லா மரபுப்பொருளையும் படிக்கிறது. எதிர்பாராத வைரஸும் சிக்கும். செலவு அதிகம், ஆட்டின் செல்கள், குடல் பாக்டீரியா என வேண்டாத தரவும் குவியும்.

ரோட்டா வைரஸில்தான் வித்தியாசம் நன்றாகத் தெரியும். அதன் மரபணுத்தொகுதி 11 துண்டுகள். இரு ரகங்கள் ஒரே செல்லுக்குள் நுழைந்தால் துண்டுகளை மாற்றிக்கொள்ளும். வழக்கமான பிசிஆர் வகைப்படுத்தல் வைரஸின் வெளிப்புறப் புரதங்களான விபி7, விபி4 ஆகியவற்றுக்கான இரண்டு துண்டுகளை மட்டும் பார்த்து முறையே ஜி, பி வகை சொல்லும். மீதி 9 துண்டுகள் மாட்டிலிருந்து வந்தவையா, ஆட்டிலிருந்தா என்பது முழு வரிசையில்தான் புரியும். மனிதர்களிடம் அரிதாகத் தென்படும் ஜி6பி[14] ரகத்தை அசைபோடும் கால்நடைகளோடு இணைத்துப் பார்ப்பதும் இப்படித்தான்.

பண்ணைக்கு என்றால் முதலில் பிசிஆர்தான். எதுவும் சிக்காத மாதிரிகளை மட்டும் வரிசைப்படுத்த அனுப்பலாம். அப்போதும் நலமான குட்டிகளின் மாதிரியையும் சேர்த்து அனுப்புங்கள். கழிச்சலே இல்லாத குட்டியிடமும் இந்த வைரஸ்கள் இருப்பதுண்டு.