தனி ஆளாக கிளட்ச் லைனில் காற்றெடுக்க ஒரு கைப்பம்ப்

ஆயில் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் கிளட்சில் காற்றெடுக்க, அதாவது ஆயில் லைனில் புகுந்த காற்றை வெளியேற்ற, வழக்கமாக இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் அடியில் படுத்து ஸ்லேவ் சிலிண்டரின் (கிளட்சைத் தள்ளும் கீழ் சிலிண்டர்) நிப்பிளை, அதாவது காற்று வெளியேறும் சிறு திருகைத் திறந்து மூடுவார். விடியற்காலையில் காய்கறி லோடு ஏற்றும் எனக்குத் துணைக்கு ஆள் ஏது? அதற்காகவே இந்த வேக்யூம் கைப்பம்ப்பை வாங்கினேன்.

அருமையான பொருள். குழாயை நிப்பிளில் மாட்டி, கைப்பிடியை அழுத்தி, மீட்டரில் முள் ஏறியதும் நிப்பிளைக் கொஞ்சம் தளர்த்தினால் கறுத்த ஆயில் குமிழிகளோடு பம்ப்பின் டப்பாவில் இறங்குகிறது. தரையோடு ஒட்டிக் கிடந்த பெடல் பிடிப்புக்கு வந்துவிட்டது. ரிவர்ஸ் கியர் கறகறக்காமல் விழுகிறது.

ஒரு குறை உண்டு. நிப்பிளின் மரை வழியாக வெளிக்காற்றையும் பம்ப் இழுக்கும். அப்போது குமிழி நிற்கவே நிற்காது. லைனில்தான் காற்று என்று நினைத்து ஆயிலை வீணாக்காதீர்கள். மரையில் மட்டும் டெஃப்லான் டேப் சுற்றினால் பெரும்பாலும் அடங்கிவிடும். நுனியிலும் துளையிலும் டேப் படக் கூடாது.

வண்டியின் மேல் டப்பாவில் (கிளட்ச் ஆயில் ஊற்றும் டப்பா) ஆயில் வற்றவே விடாதீர்கள், காற்று மறுபடி உள்ளே போகும். கிளட்சுக்கு ஊற்றும் டாட் 3, டாட் 4 வகை ஆயில்கள் ஈரத்தை உறிஞ்சும் என்பதால் புதிதாகத் திறந்த ஆயிலே நல்லது. பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

சில நாளிலேயே பெடல் மீண்டும் இறங்கினால் பம்ப்பைக் குறை சொல்ல வேண்டாம். சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் வாஷர் கசிகிறதா என்று பாருங்கள்.