அறைக்கு அறை பாட்டு என்று சொல்லி 135,000 ரூபா வாங்கினார்கள்: திருகோணமலையில் ஸ்பீக்கர் வாங்கப்போகிறவர்களுக்கு

உவர்மலை, லிங்கநகர், உப்புவெளிப் பக்கம் வீடு கட்டுகிறவர்களும் பழைய வீட்டைத் திருத்துகிறவர்களும் இதைத் தயவுசெய்து கடைசிவரை வாசியுங்கள். முறைப்பாடு இன்னும் முடியாததால் கடையின் பெயரை எழுதவில்லை. எனக்குச் சொன்ன அதே கதையை எந்தக் கடையிலும் உங்களுக்கும் சொல்லலாம்.

அப்பா பின்னறையில் படுக்கையில் இருக்கிறார். இரண்டு வருடத்துக்கு முன்னர் பாரிசவாதம் வந்து இடப்பக்கம் இழுத்துவிட்டது. காலையில் தேவாரம், பிறகு செய்தி, மத்தியானம் பழைய பாட்டு என்றுதான் அவருக்குப் பொழுது போகிறது. ரேடியோ ஹோலில் இருந்தது. சத்தத்தைக் கூட்டினால் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற மகளுக்கு இடைஞ்சல், குறைத்தால் அப்பாவுக்குக் கேளாது. தலைமாட்டில் ஒரு சின்ன ரேடியோ வாங்கி வைத்தோம். நாலு நாளில் அதை நிற்பாட்டச் சொல்லிவிட்டார். குசினியில் அம்மா ஒரு பாட்டோடு சேர்ந்து பாடிக்கொண்டிருப்பா, இவருடைய ரேடியோவில் வேறொன்று போகும். "அம்மா கேக்கிறத எனக்கும் போடு" என்று நாக்குத் தடுமாறச் சொன்னார். மனைவிக்குச் சீட்டு விழுந்த நேரம் அது. கையில் 120,000 ரூபா இருந்தது. இதைவிட நல்ல செலவு வேறில்லை என்று இரண்டு பேரும் முடிவெடுத்தோம்.

நகரத்துக்குள் ஒரு கடைக்குப் போனேன். உள்ளே பிளைவூட் பலகையால் மறித்து இரண்டு சின்ன அறைகள் செய்திருந்தார்கள். இந்தப் பக்கம் ஒரு ஸ்பீக்கர், அந்தப் பக்கம் ஒன்று. கடையில் நின்ற தம்பி போனைத் தட்டினார், இரண்டிலும் ஒரே பாட்டு, ஒரு துளி பிந்தாமல் வந்தது. "சேர், இது முழுக்க வயர்லெஸ். அஞ்சு அறைக்கும் இப்படித்தான் வரும்" என்றார். நான் கேட்டேன், "வைஃபைதானே தம்பி?" அவர், "ஓம் சேர், வைஃபை மாதிரித்தான்" என்றார். அந்த "மாதிரித்தான்" என்ற சொல்லில் நான் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. ஐந்து ஸ்பீக்கருக்கும் 110,000 ரூபா கொடுத்தேன். பில்லில் "ஸ்பீக்கர் செட் 1" என்று மட்டும் எழுதித் தந்தார்கள். மொடல் இலக்கம் இல்லை, வைஃபை என்றும் இல்லை, ஐந்து அறை என்றும் இல்லை. அதையும் நான் பார்க்காமல் மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தேன்.

வீட்டில் பூட்டிய அன்றைக்கே விளங்கிவிட்டது. முதலாவது பாடியது. இரண்டாவதும் சேர்ந்தது. மூன்றாவதை இணைத்ததும் முன்னையது விட்டுவிட்டது. அது வெறும் புளூடூத். போன் ஒரு ஸ்பீக்கரோடு பேசும், அந்த ஸ்பீக்கர் தன்னுடைய சோடியான இன்னொன்றுக்குக் கொடுக்கும், அவ்வளவுதான். கடையில் இரண்டை மட்டும் வைத்துக் காட்டியதன் காரணம் அதுதான். 2022 இல் ஓராகாஸ்ட் என்றொரு புதிய புளூடூத் முறை அறிவிக்கப்பட்டது, அது ஒரே நேரத்தில் பல ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும். ஆனால் போனிலும் அது இருக்க வேண்டும், ஸ்பீக்கரிலும் இருக்க வேண்டும். எனக்குத் தந்த பெட்டியில் அது இல்லை.

புளூடூத் தடையில்லாத வெளியில் ஏறக்குறைய 10 மீற்றர் வரை வரும் என்பார்கள். எங்களுடையது அப்பா கட்டின வீடு, ஒன்பது இஞ்சிச் சுவர். ஹோலில் இருந்து பின்னறைக்கு இரண்டு சுவர். பாட்டு விட்டுவிட்டு வந்தது. கோல் ஒன்று வந்தால் பாட்டு நின்றுவிடும். எல்லாவற்றிலும் பெரிய கவலை, நான் காலையில் பாடசாலைக்குப் புறப்பட்டால் போனும் என்னோடு வந்துவிடும், பாட்டும் போய்விடும். அப்பா தனியாகக் கிடக்கிற அந்த ஆறு மணித்தியாலத்துக்காகத்தான் நான் இதையே வாங்கினேன்.

உண்மையான மல்டி ரூம், அதாவது எல்லா அறையிலும் ஒரே பாட்டு வருகிற முறை, வேறு விதமாக வேலை செய்கிறது. ஒவ்வொரு ஸ்பீக்கரும் வீட்டு ரவுட்டரோடு தானே இணைந்து, பாட்டை வலையமைப்பில் இருந்து தானே எடுக்கும். போன் வெறும் ரிமோட் மட்டும்தான். அதைவிட முக்கியம், எல்லா ஸ்பீக்கரும் ஒரே கடிகாரத்தைப் பார்த்து ஒரே கணத்தில் ஒலிக்க வேண்டும். கோயில் திருவிழாவில் வீதி நெடுக லைட் கம்பத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருப்பார்களே, கிட்ட இருக்கிறது முதலில் கேட்கும், தூர இருக்கிறது பிந்தி வந்து அதன்மேல் விழும். சத்தம் ஒரு செக்கனுக்கு ஏறக்குறைய 340 மீற்றர்தான் போகும், அதனால் 100 மீற்றர் தள்ளியிருக்கிற குழாயின் சத்தம் செக்கனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பிந்தி வருகிறது. வீட்டுக்குள் குசினிக்கும் ஹோலுக்கும் இடையில் அப்படிப் பிந்தினால் ஐந்து நிமிடம்கூட இருந்து கேட்க முடியாது, தலையிடிக்கும். அந்தப் பிந்தலை இல்லாமல் செய்கிற வேலைக்குத்தான் நாங்கள் காசு கொடுக்கிறோம்.

பெட்டியில் 1200 வாட்ஸ் என்று பெரிதாக எழுதியிருந்தது, பக்கத்தில் பொடி எழுத்தில் பி.எம்.பி.ஓ. என்று, அதாவது ஒரு கணத்துக்கு மட்டும் வரும் என்று அவர்கள் சொல்லுகிற உச்சக் கணக்கு. அக்காவின் மகன் யாழ்ப்பாணத்தில் கம்ப்யூட்டர் படிக்கிறவன், விடுமுறைக்கு வந்திருந்தான். அவன் பெட்டியைப் பார்க்கவில்லை, அடாப்டரைத் திருப்பிப் பார்த்தான். "மாமா, இதில 12 வோல்ட், 2 அம்பியர் எண்டு போட்டிருக்கு. பெருக்கினா 24 வாட்ஸ். உள்ள பற்றரியும் இல்ல. பிறகு எங்கயிருந்து 1200 வரும்?" என்றான். நீங்களும் கடையில் இதையே செய்யுங்கள். கரண்டில் மட்டும் ஓடுகிற ஸ்பீக்கர் தன் அடாப்டர் கொடுக்கிறதைவிடக் கூடுதலாகத் தொடர்ந்து தர முடியாது. ஆர்.எம்.எஸ். என்று எழுதிய வாட்ஸ்தான், அதாவது தொடர்ந்து தரக்கூடிய அளவுதான் கணக்கு. சாதாரணப் படுக்கை அறைக்கு உண்மையான 10, 15 வாட்ஸே தாராளம். 1200 எனக்குத் தேவையும் இல்லை. பொய் சொன்னார்கள் என்பதுதான் கோபம்.

திருப்பிக் கொண்டுபோனேன். முதலாளி வந்தார், நல்ல மரியாதையாகக் கதைத்தார். "சேர், உங்கட வீடு பழைய வீடு, சுவர் மொத்தம். அதுக்கு நாங்க என்ன செய்யிறது?" பிழை என் வீட்டுச் சுவருக்கு வந்துவிட்டது. சாமானைத் திருப்பி எடுக்கமாட்டார்களாம், இன்னும் 25,000 தந்தால் மூன்று ஸ்பீக்கரை எடுத்துக்கொண்டு சீலிங்கில் பூட்டுகிற வயர் ஸ்பீக்கர் நாலும், அவற்றுக்குச் சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கிற ஒரு அம்ப்பும் தருவார்களாம். "வயர் போட்டா ஒரு நாளும் விடாது" என்றார். சொன்னதில் பிழையில்லை, வயர் நல்ல வழிதான். கொடுத்த காசு போய்விடுமே என்ற பயத்தில் நான் மறுபடியும் தலையாட்டினேன். மனைவி வேண்டாம் என்றுதான் சொன்னா.

இரண்டு பேர் வந்து அரை நாளில் சீலிங்கில் நாலு ஓட்டை போட்டுப் பூட்டிவிட்டுப் போனார்கள். மூன்று கிழமை ஓடியது. அந்த மூன்று கிழமையும் அப்பாவின் முகம் எப்படி இருந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை. ஒரு வெள்ளிக்கிழமை இரவு, நாங்கள் பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் போயிருந்தோம், வீட்டில் அப்பாவும் மகளும்தான். கருகுகிற மணம் வந்து மகள் ஓடிப்போய்ப் பார்த்திருக்கிறாள். அலுமாரித் தட்டில் இருந்த அம்ப் புகைந்துகொண்டிருந்தது. பிள்ளை மெயின் சுவிட்சை நிற்பாட்டிவிட்டு எங்களுக்குக் கோல் எடுத்தாள். அவளும் எங்களோடு கோயிலுக்கு வந்திருந்தால் எழும்ப முடியாத மனிதர் அந்தப் புகைக்குள் தனியாகக் கிடந்திருப்பார். இதை எழுதும்போதும் எனக்குக் கை நடுங்குகிறது.

அடுத்த நாள் எங்கள் ஒழுங்கையில் இருக்கிற கரண்ட் வேலைக்காரர் வந்து பார்த்தார். சீலிங் ஸ்பீக்கர் ஒவ்வொன்றின் தடையும் 8 ஓம். நாலையும் சமாந்தரமாக ஒரே முனையில் முறுக்கிக் கொடுத்திருந்தார்கள். 8 ஐ நாலால் பிரித்தால் 2 ஓம். அம்ப்பின் பின்பக்கத்திலேயே 4 ஓமுக்குக் குறையக்கூடாது என்று அச்சடித்திருக்கிறது. தடை குறைந்ததால் தாங்கக்கூடியதைவிடக் கூடுதலாகக் கரண்ட் இழுத்து, சூடேறி, எரிந்திருக்கிறது. இரண்டை வரிசையாக இணைத்து அப்படி இரண்டு வரிசையைச் சமாந்தரமாகக் கொடுத்திருந்தால் 8 ஓம் வந்திருக்கும், ஒன்றும் நடந்திருக்காது. ஒரு ரூபா கூடச் செலவில்லாத வேலை. மண்டபம், கோயில் போன்ற இடங்களில் நிறைய ஸ்பீக்கர் பூட்டுவதற்கு 100 வோல்ட் லைன் என்று தனி முறையே இருக்கிறது, அதற்குத் தனி அம்ப், தனி ஸ்பீக்கர். வீட்டில் நாலு அறைக்கு மேல் வயர் இழுப்பவர்கள் அதைப் பற்றியும் விசாரியுங்கள்.

அவர் வயரையும் கத்தியால் சுரண்டிக் காட்டினார். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. அலுமினியத்துக்குச் செம்புப் பூச்சுப் போட்ட வயர். கையில் தூக்கினாலே வித்தியாசம் தெரியும், அலுமினியம் செம்பின் பாரத்தில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. தடையும் கூட, மடித்தால் கெதியாக முறியும். கடற்காத்து அடிக்கிற எங்கள் ஊரில் மூட்டுகள் அரித்துப்போக அதிக நாள் எடுக்காது. சுவருக்குள் புதைக்கிற வயரை மட்டும் கடைக்காரரின் வாய்ப்பேச்சை நம்பி வாங்காதீர்கள். முனையைச் சுரண்டிப் பாருங்கள்.

பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்துக்கு எடுத்தேன், பிறகு எழுத்தில் முறைப்பாடு கொடுத்தேன். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தில் பிழையான எண்ணம் வரும்படி சொல்லி விற்பதே குற்றம். ஆனால் சாமான் வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு செய்ய வேண்டும். முதலாளியின் நல்ல பேச்சில் "அடுத்த கிழமை வாங்க சேர்" என்று நான் அலைந்தே இரண்டு மாதம் போய்விட்டது. இன்னும் ஒரு மாதம் பொறுத்திருந்தால் அந்த வழியும் அடைபட்டிருக்கும். விசாரணையில் என்னை வாய்திறக்க விடாமல் செய்தது அந்தப் பில்தான். "ஸ்பீக்கர் செட் என்றுதான் விற்றோம், ஸ்பீக்கர் செட் கொடுத்தோம்" என்றார்கள். என்னிடம் பதில் இல்லை.

ஆகவே வாங்கப்போகிறவர்களே, பில்லில் மொடல் இலக்கமும், எத்தனை அறை, வைஃபையா புளூடூத்தா, எத்தனை மாத வொரண்டி என்பதும் எழுதினால் மட்டும் காசு கொடுங்கள். முழுக் காசையும் கடையில் கொடுக்காதீர்கள். மிச்சத்தை வீட்டில் பூட்டி, எல்லா அறையிலும் ஒரே நேரத்தில் பாடவைத்து, போனை நிற்பாட்டிவிட்டு, அதன் பிறகும் பாட்டு ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள். போனை நிற்பாட்டுகிற அந்தச் சோதனை ஒன்றே போதும், எனக்கு 110,000 ரூபா மிச்சப்பட்டிருக்கும்.

வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரர் பழையதை அனுப்புகிறேன் என்றால், அடாப்டரில் 100 முதல் 240 வோல்ட் என்று இருக்கிறதா என்று முதலில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 120 என்று மட்டும் இருந்தால் எங்கள் 230 இல் நேரே கொடுக்கக்கூடாது. சோனோஸ் என்ற கம்பனியின் வைஃபை ஸ்பீக்கர்கள் நல்ல சாமான், ஆனால் 2020 இல் அவர்கள் செயலியை இரண்டாகப் பிரித்தபோது மிகப் பழைய மொடல்கள் பழைய செயலியோடு நின்றுவிட்டன. அந்த மிகப் பழசையும், புதிய செயலியில் மட்டும் ஓடுகிற புதிசையும் கலந்து வாங்கினால் ஒன்றாகப் பாடாது. பழைய ஸ்பீக்கரில் செருகினால் அதை வைஃபையில் பாடவைக்கிற கூகுளின் குரோம்காஸ்ட் ஓடியோ என்ற சின்ன வட்டம் எங்களைப் போன்றவர்களுக்கு ஏற்ற மலிவுச் சாமானாக இருந்தது, 2019 இல் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். 2025 மார்ச்சில் உள்ளே இருந்த சான்றிதழ் ஒன்று காலாவதியாகி, திருத்தம் வரும்வரை சில நாள் வேலை செய்யாமலும் கிடந்தது.

எங்கள் வீட்டில் இப்போது ஓடுவது மருமகன் செய்து தந்தது. எல்லா அறையிலும் ஒரே கணத்தில் பாடவைக்கிற ஸ்னாப்காஸ்ட் என்று ஒரு இலவச மென்பொருள். மகளின் பழைய லப்டொப்பில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு அதை ஏற்றினான், இணைய வானொலியும் எங்கள் பாட்டுகளும் அதிலிருந்தே போகும். அலுமாரியில் கிடந்த மூன்று பழைய அன்ட்ரொயிட் போன்களில் அதன் செயலி. ஒவ்வொரு போனிலும் ஹெட்போன் துளையில் இருந்து ஒரு வயர் ஸ்பீக்கருக்கு. கடைக்காரர் விட்டுவைத்த அந்த இரண்டு ஸ்பீக்கரிலும் வயர் செருகிப் பாட்டுக் கொடுக்கிற ஓக்ஸ் துளை இருந்தது, ஒன்று அப்பாவுக்கு, ஒன்று அம்மாவுக்கு. ஹோலுக்குப் பழைய ரேடியோ செட். செலவு வயர்களுக்கு 2,400 ரூபா. லப்டொப்பும் போன்களும் ஒரே ரவுட்டரில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். கரண்ட் போய் வந்தால் இரண்டு மூன்று நிமிடம் பொறுக்க வேண்டும். நான் பாடசாலையில் இருக்கிற நேரமும் அது பாடிக்கொண்டிருக்கிறது. அம்மா குசினியில் பாடுவதைக் கேட்டு அப்பா வலக்கை விரலால் கட்டிலில் தாளம் போடுகிறார்.

விசாரணையில் 60,000 ரூபா திருப்பித் தருவதாக முதலாளி ஒப்புக்கொண்டார். 35,000 தந்திருக்கிறார், மிச்சம் 25,000 அடுத்த மாதமாம். எரிந்த அம்ப்பையும், சுரண்டிய வயர்த் துண்டையும், அந்த அடாப்டரையும் வைத்திருக்கிறேன். பிளைவூட் மறித்த அதே இரண்டு அறைக்குள் நின்று பாட்டுக் கேட்டு வாங்கியவர்கள் வேறு யாரும் இருந்தால், பில்லில் உள்ள திகதியைப் பாருங்கள். மூன்று மாதம் ஆகவில்லையென்றால் இன்றைக்கே 1977 க்கு எடுத்து, எழுத்திலும் கொடுங்கள்.