பேட்டரி வச்ச ஏர் பம்ப், ஆறு மாசம் ஓட்டின பிறகு

1000 லிட்டர் டேங்க்ல திலேப்பியா மீன், மேல ஜல்லி போட்ட தொட்டில அதே தண்ணில வளர்ற கீரை, இதான் என் செட்டப். கரண்ட் போனா தானா பேட்டரிக்கு மாறுற இந்த ஏர் பம்ப் வாங்கி ஆறு மாசமாச்சு. வெயில் ஊர்ல இது ஏன் அவசியம்னா தண்ணி சூடாக சூடாக அதுல கரையுற ஆக்சிஜன் குறையும், 20 டிகிரில லிட்டருக்கு 9 மில்லிகிராம் வரைக்கும் நிக்கும் 30 டிகிரில ஏழரை தான், ஆனா அந்த சூட்டுல தான் மீனுக்கு ஆக்சிஜன் தேவை கூடும், மீன் கழிவுல வர்ற அம்மோனியாவ கீரைக்கு உரமாகுற நைட்ரேட்டா மாத்துற பாக்டீரியாவுக்கும் அதே ஆக்சிஜன் தான் வேணும். முன்னாடி சாதா பம்ப் இருந்தப்ப ஒரு ராத்திரி கரண்ட் போயி, விடிஞ்சு பாத்தா மீனெல்லாம் மேல வந்து வாயத் திறந்து தவிக்குது, பன்னெண்டு செத்துப்போச்சு. ரொம்ப வலிச்சுது.

இப்ப அந்த பயம் இல்ல. பேட்டரி எட்டு மணி நேரம் தாங்கும்னு போட்டிருக்கான், ரெண்டு ஏர் ஸ்டோன் (காத்த சின்னச் சின்னக் குமிழியா விடுற கல்லு) மாட்டினா அஞ்சு தான் வருது, எனக்கு போதும். சத்தமும் கம்மி.

கூட வர்ற ஸ்டோன் மட்டும் சுத்த வேஸ்ட், ஒரு மாசத்துல அடைச்சிடுச்சு, வினிகர்ல ஊறவச்சும் சரியாகல, வேற வாங்கிட்டேன். டியூப்ல செக் வால்வும் (தண்ணி திரும்பி வராம தடுக்குறது) தரல, அதனால பம்ப தண்ணி மட்டத்துக்கு மேல வைங்க, இல்லன்னா பம்ப் நின்னதும் தண்ணி ரிவர்ஸ்ல உள்ள ஏறிடும்.