மேக்னட் பள்ளியா, வீட்டுப்பக்கத்து அரசுப் பள்ளியா?

அமெரிக்காவில் எட்டாம் வகுப்புப் பிள்ளை இருக்கிற வீடுகளில் ஓயாத வாதம் இது. மேக்னட்டும் அரசுப் பள்ளிதான், கட்டணம் கிடையாது. அறிவியல், கலை என்று ஏதாவது ஒன்றை முன்னிறுத்தி, பல வட்டாரங்களிலிருந்தும் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளும். வழக்கமான பள்ளிக்கு அந்த எல்லைக்குள் வீடு இருந்தால் போதும்.

சராசரி மதிப்பெண்ணைப் பார்த்தால், இப்படிப் பல வட்டாரப் பிள்ளைகளையும் தேர்வு வைத்துச் சேர்க்கும் பள்ளிகள்தான் எங்கோ உயரத்தில். ஆனால் நியூயார்க் ஸ்டைவசன்ட் போன்ற பள்ளிகளின் நுழைவுத் தேர்வை ஆண்டுக்குச் சுமார் 25,000 பேர் எழுதுகிறார்கள். அப்படி வடிகட்டி எடுத்த பிள்ளைகள் நன்றாகப் படிப்பதில் பள்ளியின் பங்கு எவ்வளவு?

2014இல் வெளியான ஓர் ஆய்வு பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் இதைத்தான் தோண்டியது. கட்-ஆஃபை மயிரிழையில் தாண்டியவர்களையும் மயிரிழையில் கோட்டைவிட்டவர்களையும் எடுத்துக்கொண்டார்கள். ஏறக்குறைய ஒரே திறமை, பள்ளிதான் வேறு. பிற்பாடு எஸ்.ஏ.டி. (கல்லூரிச் சேர்க்கைக்கான தேர்வு) உள்ளிட்ட தேர்வுகளில் இரு தரப்புக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமே இல்லை. (இது எல்லைக்கோட்டில் நின்றவர்களின் கதை; முதல் ரேங்க் பிள்ளைக்கும் பொருந்துமா என்பதை இந்த ஆய்வை வைத்துச் சொல்ல முடியாது.) சிகாகோவில் இன்னும் ஒரு படி கீழே: தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் பள்ளிக்குப் போன ஏழை வட்டாரப் பிள்ளைகளின் தேர்வு மதிப்பெண் கூடவில்லை, ஜி.பி.ஏ.வோ (வகுப்பில் வாங்கும் கிரேடுகளின் சராசரி) குறைந்துவிட்டது. கெட்டிக்காரர்கள் நடுவே உட்கார்ந்தால் கிரேடு இறங்கத்தானே செய்யும்? கல்லூரிக்காரர்கள் அதையும்தான் பார்க்கிறார்கள்.

சரி, அப்படியானால் மேக்னட் வீணா? கனெக்டிகட் மாநிலத்தைப் பாருங்கள். அங்குள்ள ஹார்ட்ஃபோர்ட் நகரப் பள்ளிகளில் இனப் பிரிவினையைப் போக்கச் சொல்லி 1996இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகு நகரப் பிள்ளைகளும் புறநகர்ப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் மேக்னட் பள்ளிகள் பெருகின. அங்கே சேர்க்கை பெரும்பாலும் குலுக்கலில். அம்மாநில மேக்னட் உயர்நிலைப் பள்ளிகளில் படித்த நகரப் பிள்ளைகள் கணிதத்திலும் வாசிப்பிலும் முன்னேறியதாக 2009ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. விட்டுவந்த பள்ளி பலவீனமாக இருந்தால்தான் மாறுவதில் பலன் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதற்காகப் பணத்தைக் கொட்டினால் போதும் என்றும் இல்லை. கன்சாஸ் சிட்டியில் பள்ளிகளை மேக்னட்டாக்கி மேம்படுத்த 1985 முதல் சுமார் 200 கோடி டாலர் செலவழித்து, ஒலிம்பிக் அளவில் நீச்சல்குளம்கூடக் கட்டினார்கள். மதிப்பெண் அசைந்து கொடுக்கவில்லை.

என் கட்சி இதுதான்: பக்கத்துப் பள்ளியில் ஏ.பி. (கல்லூரித் தரத்து வகுப்பு) கால்குலஸும் இயற்பியலும் ஒழுங்காக நடக்கிறதென்றால், மேக்னட்டுக்காகத் தினமும் பஸ்ஸில் அலையத் தேவையில்லை. அந்த வகுப்புகளே இல்லையென்றால் விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள்.