வாடகை வண்டிக்கு நான்கு நட்சத்திரம், வாசலில் நடந்த வகுப்புக்கு ஒன்றரை

ரொறன்ரோவில் பதினாறு வருடமாக பஸ் ஓட்டுகிறேன். தரிப்பிலிருந்து வெளியே எடுக்கும்போது குறுக்கே மூக்கை நுழைக்கும் கார்களைத் திட்டாத நாள் கிடையாது. வழிவிடச் சொல்லி பஸ்ஸின் முதுகிலேயே ஒட்டியிருக்கிறது, அதற்குச் சட்டமும் இருக்கிறது, இருந்தும் நுழைவார்கள். அப்படிப்பட்ட நான் பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை இரவு, கிட்டத்தட்ட என் பஸ்ஸளவு அகலமான ஓர் இயந்திரத்தின் முன்னால் நடுப்பாதையில் நின்றுகொண்டு, அதுவே விலகிப் போகும் என்று காத்திருந்தேன். அதைச் சொல்லாமல் இந்த விமர்சனத்தை எழுத முடியாது. ஆனால் பனியில் ஓடும் ஸ்னோமொபைல் வண்டிகளை வாடகைக்குத் தந்த கடை முதலில்.

தம்பிதான் ஏற்பாடு செய்தான். அவன், மச்சாள், நான் என்று மூன்று பேர். ரொறன்ரோவிலிருந்து வடக்கே மூன்று மணி நேரப் பயணம். கடையின் பெயரை எழுதப் போவதில்லை. அங்கே இருந்தவர்கள் நல்ல மனிதர்கள். இரண்டு நாளுக்கு மூன்று ஸ்னோமொபைல், உடுப்பு, தலைக்கவசம், தடத்துக்கான அனுமதிச் சீட்டு எல்லாம் சேர்த்து ஒரே கட்டணம். தனியாக எதையும் தேடி அலைய வேண்டியதில்லை.

வண்டிகளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. புதிய ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின். எண்ணெய்ப் புகை கிடையாது, பேச்சுக்குரல் கேட்கிற அளவுக்குத்தான் சத்தம். கைப்பிடிகள் சூடாகின்றன. முடுக்கும் பெருவிரலுக்கென்றே தனியாக ஒரு சூடாக்கி இருக்கிறது. மைனஸ் இருபதில் அந்த ஒன்றுக்காகவே அரை நட்சத்திரம் கூட்டிக் கொடுக்கலாம். சப்பாத்துதான் மோசம். எனக்கு வந்த சோடியின் உள்ளே ஈரம். முதல்நாள் யாரோ போட்டுக் கழற்றியது காயவே இல்லை. மாற்றிக் கேட்டபோது முகம் சுளிக்காமல் மாற்றித் தந்தார்கள், அதிலும் ஈரம். தலைக்கவசங்களில் மச்சாளுக்குக் கிடைத்தது மட்டும் முகக்கண்ணாடி மின்சாரத்தில் சூடாகும் வகை. எனக்கும் தம்பிக்கும் மூச்சுக்காற்றில் கண்ணாடி மங்கிக்கொண்டே இருந்தது. போகிறவர்கள் அந்த வகையைக் கேட்டு வாங்குங்கள்.

இனி வகுப்பு. புறப்படுமுன் கடை வாசலில் இருபத்தைந்து நிமிடம், இருபது வயதுப் பையன் ஒருவன் நடத்தினான். வலது பெருவிரல் முடுக்க, இடது கை பிரேக் பிடிக்க. எஞ்சினை நிறுத்தும் கயிற்றை உடுப்பில் கொளுவிக்கொள்ள வேண்டும். விழுந்தால் கயிறு கழன்று வண்டி நின்றுவிடும். வளைவில் உடம்பை உள்பக்கம் சாய்க்க வேண்டும். ஏரியைக் கடக்கும்போது நட்டுவைத்த குச்சிகளின் வரிசையை விட்டு விலகக்கூடாது. தடத்தில் வேக எல்லை மணிக்கு 50 கிலோமீற்றர். எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னான், செய்தும் காட்டினான்.

பிறகு கைச் சைகைகள். எதிரே வருகிறவர்களுக்கு, பின்னால் இன்னும் ஆட்கள் வருகிறார்கள் என்று பெருவிரலைத் தோளுக்குப் பின்னால் காட்டுவது. கடைசி ஆள் கை முஷ்டியை மடக்கி உயர்த்திக் காட்டுவது. சைகை எல்லாமே இடது கையால்தான், ஏனென்றால் வலது கை முடுக்கியில் இருக்கிறது. எனக்கு உடனே உறைத்தது: அப்படியானால் சைகை காட்டுகிற அந்த நொடியில் பிரேக்கில் கை இல்லை, முடுக்கியில் மட்டும்தான் இருக்கிறது. பையனிடம் கேட்டேன். யோசித்துவிட்டு, "வளைவில் காட்ட வேண்டாம், இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளுங்கள்" என்றான். நல்ல பதில். ஆனால் நான் கேட்டதால் வந்த பதில். தடத்துப் பனியைச் சீவிச் சமன்செய்யும் இயந்திரமான குரூமரைப் பற்றிக் கேட்க எனக்குத் தெரியாது. அப்படி ஒன்று இருப்பதே தெரியாதே. அவனும் சொல்லவில்லை.

தடத்தைப் பற்றிச் சொன்னால்தான் குரூமர் புரியும். ஒன்ராறியோ ஸ்னோமொபைல் கழகங்களின் கூட்டமைப்பின் கீழ் உள்ளூர்க் கழகங்கள் பராமரிக்கும் தடங்கள் இவை. மாகாணம் முழுவதும் ஏறத்தாழ 30,000 கிலோமீற்றர். பல இடங்களில் தனியார் காணிகளுக்குள்ளால், காணிக்காரரின் சம்மதத்தோடு மட்டும் போகின்றன. சந்திகளில் எண் போட்ட பலகை, வரைபடம், இரவில் ஒளிரும் அம்புக்குறி எல்லாம் இருக்கின்றன. இணைய வரைபடத்தில் ஒவ்வொரு தடமும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறத்தில் தெரியும்: திறந்திருக்கிறது, நிலைமை மட்டம், மூடியிருக்கிறது. காலையில் எங்கள் பாதை பச்சை. முதல் நாற்பது கிலோமீற்றர் பாய் விரித்ததுபோல் இருந்தது. பிற்பகலில், சனிக்கிழமைக் கூட்டம் முழுவதும் ஓடி முடித்த பிறகு, அதே தடம் ஒட்டகக் கூட்டம் படுத்திருப்பதுபோல் ஆகிவிட்டது. முதுகு முதுகாகப் பனி மேடு. மச்சாள் பாதி வழியில் எழுந்து நின்றே ஓட்டினாள். என் இடுப்பு இன்னும் அதை மறக்கவில்லை.

வழியில் தம்பி ஒரு கதை சொன்னான். எங்களுக்குத் தந்தவை ஸ்கி-டூ வண்டிகள். கியூபெக்கின் வால்கூர் ஊர்க்காரரான ஜோசப்-அர்மான் பொம்பார்டியே 1959இல் சந்தைக்குக் கொண்டுவந்த பெயர் அது. பனி மூடி, தெருவே இல்லாமல் போகும் இடங்களில் போவதற்காகச் செய்த வண்டி. இன்றைக்கு அதற்கே இரவோடிரவாக ஒருவர் தெரு போட்டுக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

அந்த ஒருவரைத்தான் இரவு ஏழரை மணிக்குச் சந்தித்தோம்.

கடைக்குத் திரும்பப் பதினோரு கிலோமீற்றர் இருந்தது. ஒரு மேட்டில் ஏறும்போது முன்னால் ஸ்புரூஸ் மரங்களின் உச்சியில் செம்மஞ்சள் வெளிச்சம் விட்டுவிட்டு அடித்தது. தம்பி அதைப் பொலிஸ் என்று நினைத்து, மேட்டைத் தாண்டி இறக்கத்தின் நடுவில் நிறுத்தினான். நாங்களும் அவன் பின்னால் நிறுத்தினோம். பாதை நடுவில், வரிசையாக, தூர வெளிச்சம் முழுவதையும் எதிரே அடித்துக்கொண்டு. எதிரிலிருந்து ஊர்ந்து வந்தது ஒரு சங்கிலிச் சக்கர இயந்திரம். உழவு இயந்திரத்துக்கும் புல்டோசருக்கும் பிறந்ததுபோல். தடத்தின் இரண்டு கரையையும் தொட்டுக்கொண்டு வந்தது. நடக்கிறவர் ஓடத் தொடங்கினால் முந்திவிடலாம், அவ்வளவுதான் அதன் வேகம். "ஒதுங்கும் அக்கா, எங்களைப் பார்த்துவிட்டான்" என்றான் தம்பி. எங்கே ஒதுங்கும்? இரண்டு பக்கமும் மரம்.

நின்றது. கதவு திறந்தது. அறுபதைத் தாண்டிய ஒருவர் கம்பளிச் சட்டையோடு இறங்கினார். நான் திட்டு வாங்கத் தயாரானேன். எதிர்ப்பக்கத்தில் இருந்து பழக்கமில்லாததால் என்ன முகம் வைத்துக்கொள்வது என்றுதான் தெரியவில்லை. அவர் திட்டவில்லை. "வாருங்கள், ஒன்றைக் காட்டுகிறேன்" என்று இயந்திரத்தின் பின்னால் கூட்டிக்கொண்டு போனார்.

பின்னால் ஒரு நீண்ட இரும்புச் சட்டத்தை இழுத்துக்கொண்டு வந்திருந்தார். முன்பகுதியில் சாய்வாக வரிசை வரிசையாகத் தகடுகள், கடைசியில் அகலமான ஒரு தட்டு. தகடுகள் மேடுகளைச் சீவிப் பனியைப் புரட்டும். தட்டு அதை அமுக்கிப் படியவைக்கும். பள்ளத்தின் அடிவரை சீவினால்தான் வேலை நிலைக்கும் என்றார். மேட்டைத் தட்டிப் பள்ளத்தை நிரப்பிவிட்டுப் போனால், மறுநாள் பத்து வண்டி ஓடியதும் அதே இடத்தில் அதே பள்ளம் வந்துவிடும். தகடுகளுக்கு இடையில் முழங்கால் உயரத்துக்குப் பனி உருண்டு கிடந்தது. ஓடிக்கொண்டிருக்கும்வரை அந்தப் பனி பரவிக்கொண்டே போகும். நின்றால் கும்பியாக அந்த இடத்திலேயே விழுந்துவிடும். "இப்போது இங்கே ஒரு மேடு வைத்துவிட்டோம், நீங்களும் நானுமாக" என்றார். அதுமட்டுமல்ல, அவருக்கு இனி ஏற்றம். பாரத்தோடு ஏற்றத்தில் புறப்பட்டால் சங்கிலிச் சக்கரம் வழுக்கிக் குழி தோண்டும். முழுப் பயணிகளோடு, பனி படிந்த ஏற்றத்தில், சிவப்பு விளக்குக்கு நிறுத்திவிட்டு எடுக்கிறபோது என் வயிறு என்ன பாடுபடும் என்று எனக்குத் தெரியும். வெட்கமாக இருந்தது.

ஏன் இரவில் என்று மச்சாள் கேட்டாள். ஆள் நடமாட்டம் குறைவு, குளிர் அதிகம் என்றார். புரட்டி அமுக்கிய பனி புது மாதிரிதான் இருக்கும், ஆனால் பிடிமானம் இருக்காது. துகளோடு துகள் ஒட்டி இறுகச் சில மணி நேரம் வேண்டும். விடியும்வரை யாரும் தொடாவிட்டால் வாரம் தாங்கும் தடம், அரை மணியில் நான்கு பேர் முடுக்கிக்கொண்டு போனால் அடுத்த மதியத்தையே தாண்டாது. நான் இதைச் சீமெந்துத் தரை என்று மனதில் மொழிபெயர்த்துக்கொண்டேன்.

அவர் சொன்ன ஒழுங்கை, வகுப்பில் கிடைக்காததால், இங்கே எழுதிவைக்கிறேன். அந்த வெளிச்சம் தெரிந்தவுடனேயே வேகத்தைக் குறை. வளைவிலும் மேட்டு உச்சியிலும் அல்லாத, அவருக்குத் தெரிகிற ஓர் இடத்தில் வலது ஓரமாக, தடத்தைவிட்டு இறங்கினாலும் பரவாயில்லை, நிறுத்து. தூர வெளிச்சத்தைத் தணி. இயந்திரம் போனால் போதாது, பின்னால் வரும் சட்டமும் முழுவதாகக் கடக்கும்வரை அசையாதே. சில நாள் பின்னாலேயே இரண்டாவது குரூமரும் வரும். பின்னாலிருந்து வந்து பிடித்தால் ஒட்டிக்கொண்டு போகாதே. உள்ளே அவருக்கு எதுவும் கேட்காது. கண்ணாடியில் உன் வெளிச்சத்தைப் பார்த்து, அகலமான இடம் வந்ததும் அவரே கை காட்டுவார். புதுத் தடத்தில் போயே ஆக வேண்டுமென்றால் ஓரமாக, மெதுவாக, முடுக்காமல், சறுக்கிப் பிரேக் போடாமல் போ.

இவ்வளவும் இரண்டு நிமிடத்தில் சொல்லி முடித்தார். இருபத்தைந்து நிமிட வகுப்பில் இந்த இரண்டு நிமிடத்துக்கு இடமில்லையா என்பதுதான் என் கேள்வி. வாடகை வண்டிக்காரர்கள் பலர் இப்படித்தான் வருகிறார்கள் என்றார் அவர், கோபமில்லாமல். சம்பளத்துக்கு ஓட்டுகிறவரா, கழகத்துத் தொண்டரா என்று கேட்க நினைத்தேன். இரண்டு வகையினரும் உண்டாம். கேட்கவில்லை. காத்திருக்க நேரமில்லாத மனிதரை அதற்காக வேறு நிறுத்துவானேன்?

நாங்கள் வண்டிகளை ஓரத்து ஆழப் பனியில் இறக்கினோம், அவர் போனார். மேடு மட்டும் மிஞ்சியது. தம்பி சப்பாத்தால் உதைத்து அதைச் சமன்செய்யப் பார்த்தான். அவன் உதைத்த உதைக்கு மேடு இரண்டானது. இதற்கிடையில் மச்சாளின் வண்டி ஆழப் பனியில் புதைந்துவிட்டது. இழுத்து மேலே ஏற்றும்போது பதற்றத்தில் அவள் முடுக்க, பின்பட்டி சுழன்று, அப்போதுதான் படிந்த தடத்தில் ஒரு குழி. மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டு சிறிது நேரம் பேசாமல் நின்றோம். மீதிப் பதினோரு கிலோமீற்றரையும் ஓரமாக மணிக்கு இருபதில் ஓட்டினோம்.

ஞாயிறு காலை அதே வழியால்தான் போனோம். சீப்பால் வாரியதுபோல் மெல்லிய கோடுகள், கல்லாக இறுகிய வெள்ளைத் தரை, எங்கள் மூன்று வண்டிகளின் வரி ஓரத்தில் தனியாக. இறக்கத்தில் மேடும் குழியும் அப்படியே உறைந்து காத்திருந்தன. எதிரே வந்த ஒரு குடும்பம் அதில் தூக்கிப்போட்டு விழாமல் தப்பியது. கடைசியாக வந்த சிறுமி எழுந்து நின்று சமாளித்து, முஷ்டியை மடக்கிக் காட்டிவிட்டுப் போனாள். பதிலுக்கு நான் சைகை காட்டவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது பையனிடம் முழுவதையும் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகச் சொல்லியிருக்கலாம். "யாரும் கேட்பதில்லை" என்றான். பிறகு வாடகைப் படிவம் ஒன்றைத் திருப்பிப் போட்டு, நான் சொல்லச் சொல்லப் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டான்.

மார்ச்சில் தம்பி நண்பர்களோடு திரும்பவும் அந்தக் கடைக்குப் போனான். வகுப்பில் குரூமர் வந்ததா என்று தொலைபேசியில் கேட்டேன்.

"வந்தது அக்கா. குரூமரைக் கண்டால் ஒதுங்குங்கள், இல்லாவிட்டால் ஒரு பஸ் சாரதி வந்து எனக்குத்தான் ஏசுவா என்று அந்தப் பையன் சொன்னான்."

சப்பாத்து?

"ஈரம்தான்."